படிக்கட்டுப் பக்கத்துக் கண்ணாடி

இருபத்து மூன்று வருடம் நான்கு மாதம் பேருந்து ஓட்டியவர், அதற்குப் பிறகு ஒரு வருடம் இரண்டு மாதம் அதே பணிமனையின் வாசலில் நின்று இரும்புக் கம்பியைத் தூக்கி இறக்கினார். கம்பியின் நீளம் பதினெட்டு அடி. ஒரு நாளைக்கு அது சராசரியாக இருநூற்றுப் பன்னிரண்டு தடவை ஏறி இறங்கும். ஒவ்வொரு தடவையும் அவர் மனதுக்குள் ஒரே ஆளைத்தான் திட்டினார். அந்த ஆள் அவருடைய கூடப்பிறந்த தங்கையின் கணவர். அந்தப் பணிமனையின் ஃபோர்மன்.

பணிமனையில் அவரை டேப்காரர் என்பார்கள். காரணம் இருக்கிறது. பேருந்தில் படிக்கட்டுப் பக்கம் மாட்டியிருக்கும் கண்ணாடி வீட்டுக் கண்ணாடி போலத் தட்டையாக இருக்காது. லேசாக வெளியே பிதுங்கியிருக்கும். அப்படி இருந்தால்தான் பின்சக்கரம், படிக்கட்டு, பக்கத்தில் வருகிற வண்டி எல்லாம் ஒரு சாண் கண்ணாடிக்குள் அடங்கும். ஆனால் அடங்க வேண்டுமென்றால் எல்லாம் சின்னதாக வேண்டும். சின்னதாகத் தெரிவதைத் தூரத்தில் இருப்பதாக நினைத்து ஏமாறாத புது டிரைவர் கிடையாது.

டேப்காரர் ஏமாறாமல் இருக்க ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம், ஒரு விடுமுறை நாளில், மோட்டார் சைக்கிளைப் பின்னால் நிறுத்தி, அடிக்கோல் வைத்து அளந்து செய்த வழி. மின்கம்பிக்குச் சுற்றுகிற கறுப்பு டேப்பில் ஓர் அங்குல அகலத்துக்கு ஒரு துண்டு. அதைக் கண்ணாடியில், பின்சக்கரத்துக்கு அருகே சாலை தெரிகிற இடத்தில், நெட்டுக்குத்தாக ஒட்டினார். மோட்டார் சைக்கிளின் ஹேண்டில் டேப்புக்குப் பின்னால் முழுதும் மறைந்து, ஓட்டுபவரின் தலை மட்டும் மேலே தெரிந்தால், வண்டி நாற்பத்திரண்டு அடிக்கு அப்பால் இருக்கிறது, தைரியமாகத் திரும்பலாம். ஹேண்டில் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தால் பிரேக்கில் கால் வைக்க வேண்டும். டேப்பின் முனை உரிந்து வராமல் இருக்க நான்கு மூலைகளையும் பிளேடால் சாய்வாக வெட்டிவிடுவார். வேறு யாருடைய டேப்புக்கும் எட்டு மூலை கிடையாது.

இந்த டேப்பை நம்பித்தான் இருபத்து மூன்று வருடம் ஒருவர் மேலும் இடிக்காமல் ஓட்டினார். இந்த டேப்தான் அவரைக் கவிழ்த்தது.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஏழு நாற்பதுக்குப் பேருந்தை எடுக்கும் முன் வழக்கம்போல் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். பின்சக்கரம் தெரிந்தது. படிக்கட்டு தெரிந்தது. டேப் அதன் இடத்தில் இருந்தது. மற்ற நாளைவிடச் சாலை கொஞ்சம் கூடுதலாகவே தெரிந்தது. கூடுதலாகத் தெரிவதை யார் குறை என்று நினைப்பார்கள்?

எட்டு ஐந்துக்கு, படிக்கட்டுப் பக்கமாக ஒரு தெருவுக்குள் திரும்பும்போது கண்ணாடியைப் பார்த்தார். ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. ஹேண்டில் டேப்புக்குள் சுத்தமாக மறைந்திருந்தது. தலை மட்டும் தெரிந்தது. திரும்பினார். பின்சக்கரத்துக்கு முன்னால் டமாரென்று ஒரு சத்தம்.

அடிபட்டவர் ஒரு தையல்காரர். உயிர் தப்பியது, வலது முட்டி நொறுங்கிவிட்டது. மிதித்துத் தைக்கிற மெஷினில் முப்பது வருடம் உட்கார்ந்த முட்டி.

விசாரணையில் டேப்காரர் சொன்னது ஒரே வாக்கியம்.

"கண்ணாடில பாத்துட்டுத்தான் திரும்பினேன். வண்டி தூரமா இருந்துச்சு."

ஃபோர்மன் கண்ணாடியைக் கழற்றிக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தார். மற்ற வண்டிகளில் இருக்கிற அதே கண்ணாடி. எந்தப் பழுதும் இல்லை. டேப் கூட ஒட்டியிருந்தது.

"கண்ணாடி சரியா இருக்கு. கண்ணுதான் சரியில்ல. வயசாச்சில்ல, மச்சானுக்கு," என்றார்.

அறையில் இரண்டு பேர் சிரித்தார்கள். ஃபோர்மன் சொன்னது அப்படியே அறிக்கையில் ஏறியது. மறுநாளிலிருந்து டேப்காரர் வாசலில் நின்றார்.

முதல் வாரத்திலேயே அவர் கண்ணில் ஒன்று பட்டது. பேருந்து கழுவுகிற மேடைக்குத் திரும்பும் இடத்தில் நான்காம் தூண். அதில் தரையிலிருந்து ஏழு அடி இரண்டு அங்குல உயரத்தில் உள்ளங்கை அளவுக்குப் புதுப் பெயிண்ட். ஏழு அடி இரண்டு அங்குலம் என்பது படிக்கட்டுப் பக்கத்துக் கண்ணாடியின் உயரம். தூணின் அடியில், சிமெண்ட் வெடிப்புக்குள், அரிசி அளவுக்கு மூன்று கண்ணாடித் துகள்.

"தூணுக்கு எப்ப மாப்பிள்ளை பெயிண்ட் அடிச்சீங்க?" என்று கேட்டார்.

"தூணுக்குப் பெயிண்ட் அடிக்கவும் வாட்ச்மேன்கிட்ட அனுமதி வாங்கணுமா மச்சான்? போய்க் கம்பியத் தூக்குங்க, வண்டி நிக்குது."

மாப்பிள்ளையின் கழுத்தில் ஒரு நரம்பு துடித்ததை டேப்காரர் பார்த்தார். என்ன நடந்திருக்கும் என்று அப்போதே புரிந்துவிட்டது. விபத்துக்கு முந்தின நாள், திங்கட்கிழமை சாயங்காலம் வண்டியைக் கழுவுவதற்கு ஃபோர்மன் தானே ஓட்டிப் போயிருக்கிறார். அவருக்குப் பேருந்து ஓட்ட அனுமதி இல்லை. தூணில் உரசிக் கண்ணாடி உடைந்திருக்கிறது. பதிவேட்டில் ஏற்றினால் வேலைக்கு வேட்டு. அதனால் ஸ்டோரில் கிடந்த வேறொன்றை மாட்டி, உடைந்ததிலிருந்து டேப்பை உரித்து இதில் ஒட்டியிருக்கிறார். விபத்துக்குப் பிறகு அதைக் கழற்றிவிட்டு நல்லதை மாட்டி, அதற்கும் அந்த டேப்பையே மாற்றியிருக்கிறார்.

புரிந்து என்ன செய்ய? கையில் மூன்று அரிசிமணி கண்ணாடித் துகள்தான் இருந்தது. அதை ஒரு மாத்திரை டப்பாவில் போட்டுத் தேதி எழுதி வைத்தார்.

தங்கை வீட்டுக்குப் போவதை நிறுத்தினார். முதலில் தன் கண்ணைச் சோதிக்க மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போனார். கடைக்காரர் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார். கடைசி வரியும் முடிந்து, அச்சகத்தின் பெயரையும் சேர்த்துப் படித்தார்.

"உங்க கண்ணுக்கு என்ன? எனக்கே அந்த அச்சகம் இன்னைக்குத்தான் தெரியும்," என்றார் கடைக்காரர்.

"அப்ப இதச் சொல்லுங்க. கண்ணு நல்லா இருந்தும், கண்ணாடி நல்லா இருந்தும், கிட்ட இருக்கிறது தூரமா தெரியுமா?"

கடைக்காரர் ரசீதின் பின்பக்கத்தில் காம்பஸ் வைத்து வளைவாக ஒரு கோடு போட்டார்.

"தட்டையான கண்ணாடில வெளிச்சம் எந்தச் சாய்வுல வருதோ அதே சாய்வுல திரும்பும். கண்ணாடி முழுக்க ஒரே பக்கம் பாக்குது, அதனால உருவம் மாறாது. பிதுங்கின கண்ணாடிலயும் சட்டம் அதேதான். ஆனா ஒவ்வொரு இடமும் ஒவ்வொரு திசையப் பாக்குதில்ல? அதனால திரும்புற வெளிச்சம் விசிறி மாதிரி விரிஞ்சிடும்." விரிகிற கோடுகளை ஸ்கேலால் பின்னோக்கி நீட்டினார். வளைவுக்குப் பின்னால் அவை ஓர் இடத்தில் சந்தித்தன. "கண்ணுக்கு, வெளிச்சம் இங்கேருந்து வர்ற மாதிரி இருக்கும். கண்ணாடிக்குப் பின்னாடி ஒரு சின்ன பொம்மை நிக்கிற மாதிரி. வளைவு கூடக் கூட பொம்மை இன்னும் சின்னதாகும்."

"சின்னதா தெரிஞ்சா தூரம்னு நினைப்போம்."

"அது கண்ணு சொல்றதில்ல. நாமளா போட்டுக்கிற கணக்கு."

"குழிஞ்ச கண்ணாடி?"

"அது நேர் எதிர். வெளிச்சத்தக் கூட்டி ஒரே புள்ளிக்குக் கொண்டுவரும். வெயில்ல வச்சா அந்தப் புள்ளில காகிதம் பத்திக்கும். கிட்ட வச்சு ஷேவ் பண்ணினா மூஞ்சி பூசணிக்கா மாதிரி தெரியும்."

"என் மூஞ்சி எந்தக் கண்ணாடிலயும் அப்படித்தான்," என்றார் டேப்காரர். ஆனால் அவர் சிரிக்கவில்லை. காகிதம் பற்றுகிற அந்தப் புள்ளியைப் பற்றித்தான் வீடு போகும் வரை யோசித்தார்.

கடைக்காரரிடம் வளைவை அளக்க ஒரு கருவி இருந்தது. கைக்கடிகாரம் போல முகப்பு. கீழே மூன்று கால். கண்ணாடி மேல் வைத்தால் நடுக்கால் உள்ளே அழுந்தும், முள் நகரும். டேப்காரர் அதை இரவல் வாங்கி, பணிமனைக்குள் வந்துபோகும் நாற்பத்தாறு பேருந்துகளின் படிக்கட்டுப் பக்கத்துக் கண்ணாடிகளையும் அளந்தார். நாற்பத்தாறிலும் முள், முகப்பில் ‘அரை’ என்று போட்ட கோட்டுக்கு ஒரு மயிரிழை முன்னால் நின்றது. அதோடு அந்த வழியும் அடைபட்டது. தேட வேண்டிய கண்ணாடி பணிமனையில் இல்லை.

எட்டாம் மாதம் தங்கை வந்தாள். உள்ளே வந்து உட்காரவும் இல்லை.

"அவர் மேல உனக்குக் கோவம். சரி. நான் என்னண்ணா பண்ணினேன்? ஞாயித்துக்கிழமைன்னா நீ வருவேன்னு இன்னமும் ஒரு டம்ளர் கூடுதலா வைக்கிறேன்."

அடுத்த ஞாயிறு போனார்.

தங்கை வீட்டு வாசல் குறுகலான ஒரு சந்தில் இருந்தது. ஆளுயர மதில். வாசலிலிருந்து அறுபது அடியில் சந்து வளைகிறது. காரை வெளியே எடுக்கிறவருக்கு வளைவிலிருந்து வருகிற வண்டி தெரியாது. அதற்காக ஃபோர்மன் எதிரே இருந்த விளக்குக் கம்பத்தில் ஒரு கண்ணாடி மாட்டியிருந்தார். நீள்சதுரம். பிதுங்கல். அதன் நடுவில், ஓர் அங்குல அகலத்துக்கு, தூசி அப்பிய பசைத் தடம். தடத்துக்கு எட்டு மூலை.

டேப்காரர் டீயைக் கீழே சிந்தினார்.

"டம்ளர் எங்க இருக்குன்னு தெரியுதா மச்சான், இல்ல கையில எடுத்துக் குடுக்கணுமா?" என்றார் ஃபோர்மன்.

"கண்ணாடி நல்லாருக்கு மாப்பிள்ளை. எங்க வாங்கினீங்க?"

"வாங்கறதா? ஸ்டோர்ல சும்மா கிடந்துச்சு. ஏதோ பழைய வேன்ல இருந்தது. ரெண்டு பக்கமும் பளிச்சுனு தெரியும், பாருங்க."

ஒருவனைக் கவிழ்த்த பொருளைத் தூர எறியக்கூட மனமில்லாமல் வீட்டு வாசலில் மாட்டிக்கொண்டிருக்கிறார் என்பதுதான் டேப்காரருக்குத் தாங்கவில்லை. மறு ஞாயிறு ஃபோர்மன் குளிக்கப் போன நேரம் பார்த்து, முக்காலி போட்டு ஏறி, மூன்று கால் கருவியைக் கண்ணாடியில் வைத்தார். முள் அரைக்கோட்டைத் தாண்டி, ஒன்றுக்கு ஒரு மயிரிழை முன்னால் போய் நின்றது. இரண்டு மடங்கு வளைவு. அந்த வளைவில் அதே டேப்புக்குப் பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் எவ்வளவு கிட்டே வரும்வரை மறைந்திருக்கும் என்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் கணக்குப் போட்டார். இருபத்து மூன்று அடி.

"அங்க ஏறி என்னண்ணா பண்றே?" என்று தங்கை கேட்டபோது, "தூசி," என்றார்.

"எங்க போனாலும் கண்ணாடியத் துடைக்காம உன்னால இருக்க முடியாது," என்று அவள் சிரித்தாள்.

வீட்டில் மனைவியிடம் மட்டும் சொன்னார்.

"நாளைக்கே அதக் கழட்டிட்டுப் போய் ஆபீசர் மேஜைல போடுங்க," என்றாள் அவள்.

"போட்டா என்ன சொல்லுவான்? சந்துல பொறுக்கினேன்னு சொல்லுவான். அந்தப் பசை யாரோ ஒட்டினதும்பான். எல்லாரும் தலையாட்டுவாங்க. அன்னைக்கு நான் சொன்ன அதே வார்த்தை அவன் வாயிலருந்து வரணும். அதையும் எவனாவது எழுதணும்."

"அந்த வார்த்தை வரணும்னா அவரு யார் மேலயாவது மோதணுமே."

"மோதட்டும்."

மனைவி தட்டை எடுத்துக்கொண்டு போனாள். அதைப் பற்றி அவள் அப்புறம் பேசவே இல்லை.

அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் போனார். பத்து மணிக்குப் போய்த் தங்கை வீட்டு வாசற்படியில் நாற்காலி போட்டு உட்காருவார். பத்தரைக்கு ஃபோர்மன் கறி வாங்கக் கடைக்குக் கிளம்புவார். தங்கையும் கூடப் புறப்படுவாள், முன் இருக்கையில். அந்த நேரம் பார்த்து டேப்காரர் டம்ளரை நீட்டுவார்.

"இன்னொரு டீ போடும்மா."

"ரெண்டாவதா? எப்பருந்து இந்தப் பழக்கம்?"

"வாசல்ல நின்னு நின்னு தொண்டை வறண்டு போச்சு."

அவள் பையைக் கீழே வைத்துவிட்டு அடுப்படிக்குப் போவாள். ஃபோர்மன் தனியாகப் போவார். எதிர்க் கண்ணாடியை ஒரு பார்வை பார்ப்பார், வண்டியை வெளியே விடுவார். வருகிற வண்டி எல்லாம் அவருக்குப் பொம்மை வண்டியாகத் தெரிந்தது. எத்தனை தடவை எவ்வளவு இடைவெளியில் தப்பினார் என்பதை டேப்காரர் ஒரு சின்ன நோட்டில் குறித்தார். பதினான்கு அடி. ஒன்பது அடி. மறுபடி பதினொன்று.

ஆனால் எந்த வண்டி என்பதில் அவருக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. தையல்காரரை மாதம் ஒரு தடவை பார்த்துவருகிறவர் அவர். நீட்டிய காலோடு கையால் பொத்தானுக்குக் காஜா எடுக்கிற ஆளைப் பார்த்து வந்தவருக்கு இன்னொரு முட்டி வேண்டாம். ஒரு தடவை ரொட்டிக்காரரின் சைக்கிளும், இன்னொரு தடவை குழந்தையோடு ஒரு ஸ்கூட்டரும் வந்தபோது, தன் கையாலேயே இரும்புக் கதவை ஓங்கித் தட்டினார். ஃபோர்மன் சடக்கென்று பிரேக் போட்டார்.

"அட, மச்சானுக்குக் கண்ணு தெரியுதே. வாசல்ல நிறுத்தினது வீண் போகல," என்றார், ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி.

டேப்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். இரும்பாகப் பார்த்து ஏதாவது வரும் என்று காத்திருந்தார்.

இருபத்து மூன்றாம் ஞாயிறு வந்தது. பத்து முப்பத்தாறு. தங்கை இரண்டாவது டீக்குப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். ஃபோர்மன் காரின் மூக்கைச் சந்துக்குள் நீட்டினார். வளைவில் தண்ணீர் லாரியின் உறுமல் கேட்டது. கண்ணாடியில் அது தீப்பெட்டி அளவுக்கு இருந்தது.

டேப்காரரின் கை இரும்புக் கதவின் மேல் இருந்தது. தட்டுவதற்கு மூன்று விநாடி இருந்தது, அவர் எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று. கை அசையவில்லை.

லாரியின் பம்பர் காரின் முன்பக்கத்தைக் கிழித்துக் காரை அரை வட்டம் சுற்றிவிட்டது. ஃபோர்மனின் வலது மணிக்கட்டு ஸ்டியரிங்கில் மாட்டி முறிந்தது. வேறு யாருக்கும் கீறல் இல்லை. லாரிக்காரர் இறங்கி நின்று, ஃபோர்மனின் மூன்று தலைமுறையையும் வரிசையாக விசாரித்தார். தங்கை பால் பாத்திரத்தோடு ஓடிவந்தாள். டேப்காரர்தான் மாப்பிள்ளையைத் தாங்கிப் படியில் உட்கார வைத்தார், டம்ளரில் தண்ணீர் கொடுத்தார், தன் துண்டையே கிழித்துக் கையைக் கட்டினார். போக்குவரத்துக் காவலர் வரும்வரை பக்கத்தை விட்டு நகரவில்லை.

காவலர் நோட்டை விரித்தார்.

"எப்படி சார் ஆச்சு? பாக்காம எடுத்தீங்களா?"

"பாக்காம எடுப்பேனா? கண்ணாடில பாத்துட்டுத்தான் சார் எடுத்தேன். லாரி தூரமா இருந்துச்சு."

டேப்காரர் கண்ணை மூடிக்கொண்டார். பதினெட்டு அடிக் கம்பி தானாக மேலே போனது போல இருந்தது.

"அவர் சொன்னத அப்படியே எழுதிட்டீங்களா சார்?" என்றார் காவலரிடம்.

"எழுதிட்டேன். நீங்க யாரு?"

"அவரோட மச்சான். சாட்சிக் கையெழுத்து நான் போடறேன்."

ஃபோர்மன் நிமிர்ந்து பார்த்தார். வலியில் நனைந்த முகம் மெல்ல மாறியது. டேப்காரர் கையெழுத்தைப் போட்டு, அதன் கீழே நேரத்தையும் எழுதினார்.

மறுநாள் மனு போனது. வாக்குமூலத்தின் நகல், அளவுகளின் பட்டியல், தூணின் படம், மாத்திரை டப்பா எல்லாம் சேர்த்து. இந்தத் தடவை விசாரணை அதிகாரி புதியவர். அதிகம் பேசாத ஓர் அம்மாள். அவரே சந்துக்குப் போய்க் கம்பத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றி, துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்.

ஐந்து வாரம் கழித்துப் பணிமனையில் எல்லோரும் பார்க்க ஒரு சோதனை நடந்தது. டேப்காரருடைய பழைய பேருந்து. அதிகாரி ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். முதலில் நல்ல கண்ணாடி, அதில் ஓர் அங்குல டேப். தையல்காரர் ஊன்றுகோலோடு வந்திருந்தார். அவருடைய மோட்டார் சைக்கிளைத் தரையில் அளந்து போட்ட கோடுகளின் மேல் ஒரு டிரைவர் தள்ளிக்கொண்டு பின்னால் போனார்.

"மறைஞ்சுடுச்சு," என்றார் அதிகாரி. கோடு நாற்பத்திரண்டு.

கண்ணாடியை மாற்றினார்கள். பசைத் தடத்தின் மேல் டேப்பை வைத்தபோது எட்டு மூலையும் அச்சாகப் பொருந்தின. மோட்டார் சைக்கிள் இப்போது அந்தக் கோட்டிலிருந்து முன்னால் வந்தது. நாற்பது. முப்பத்தைந்து. முப்பது.

"இன்னும் மறைஞ்சேதான் இருக்கு. திரும்பலாம் போலத்தான் இருக்கு," என்றார் அதிகாரி. இருபத்து மூன்றில்தான் ஹேண்டில் எட்டிப் பார்த்தது. அவர் இறங்கி வந்து தரையில் அந்தக் கோடு வரை இருந்த தூரத்தைத் தன் காலடியால் ஒரு தடவை நடந்து அளந்தார். பிறகு காகிதத்தை எடுத்தார்.

"'கண்ணாடில பாத்துட்டுத்தான் எடுத்தேன், லாரி தூரமா இருந்துச்சு.' இது நீங்க சொன்னதா?"

கட்டுப் போட்ட கையோடு நின்ற ஃபோர்மன் ஆமென்று தலையை ஆட்டினார்.

"'கண்ணாடி சரியா இருக்கு, கண்ணுதான் சரியில்ல.' இதுவும் நீங்க சொன்னதுதானே? உங்க கண்ணையும் ஒரு தடவ சோதிச்சுடலாமா?"

இந்தத் தடவை சிரித்தவர்கள் இரண்டு பேர் இல்லை. தையல்காரர்தான் சிரிக்கவில்லை. "கண்ணாடி மாறினத என்கிட்ட யாராவது சொல்லியிருக்கலாம்ல?" என்று மட்டும் கேட்டார், யாரைப் பார்த்து என்று தெரியாமல். அதற்குப் பிறகு ஃபோர்மன் நான்காம் தூணைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

டேப்காரருக்கு இருக்கை திரும்பக் கிடைத்தது. ஃபோர்மன் பதவி இறங்கி, வேறு இடம் காலியில்லாததால், பணிமனை வாசலுக்கு வந்தார். முதல் நாள் காலை ஏழு நாற்பதுக்கு டேப்காரர் பேருந்தை வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தி, ஹாரன் அடித்தார். அடிக்க வேண்டிய தேவையே இல்லை. மாப்பிள்ளை எதிரேதான் நின்றார். கட்டு இன்னும் பிரிக்காத கையை மார்போடு அணைத்துக்கொண்டு, இடது கையால் கம்பியைத் தூக்கினார். அது பாதி ஏறி நின்றது.

"இன்னும் கொஞ்சம் மாப்பிள்ளை. கண்ணாடி இடிச்சிடும்," என்றார் டேப்காரர்.

அந்த ஒரு வாக்கியத்துக்காகப் பதினான்கு மாதம் காத்திருந்தார். சொல்லி முடித்ததும் வாய் இனித்தது.

ஐந்தாவது நிறுத்தத்தில் தங்கை ஏறினாள். டிக்கெட் வாங்கிக்கொண்டு படிக்கட்டுக்குப் பக்கத்து முன் இருக்கையில் உட்கார்ந்தாள். அவர் திரும்பிச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"வண்டி ஓட்டறப்ப பேசக் கூடாதுல்ல?" என்றாள்.

"நிறுத்தத்துல பேசலாம்."

அடுத்த நிறுத்தம் வரும்வரை காத்திருந்தாள். ஆட்கள் இறங்கி ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"முக்காலி போட்டு ஏறினியே, அன்னைக்கே உனக்குத் தெரியுமா?"

அவர் பொய் சொல்லிப் பழகாதவர்.

"தெரியும்."

"அதுக்கப்புறம் எவ்வளவு நாளு?"

"அஞ்சு மாசம், பதினோரு நாளு."

"எண்ணி வச்சிருக்கே." அவள் கையில் இருந்த டிக்கெட்டை நான்காக மடித்தாள். "அவர் பண்ணினது பாவம்தான். அவருக்கு ஏதாவது ஆகட்டும்னு நினைச்சே. அதக் கூட விடறேன். நான் அந்தக் கார்ல போறேன்னு நினைப்பு வரல?"

"வந்ததும்மா. அதனாலதான் ரெண்டாவது டீ கேட்டேன். இருபத்து மூணு ஞாயிறுல ஒரு தடவ கூட உன்ன ஏற விடலையே."

"ஞாயிறு."

"ஆமா."

"வாரத்துல மிச்சம் ஆறு நாளு? என்னைக் காலைல வேலைக்குக் கொண்டுபோய் விடறது யாரு? புதன்கிழமை சின்னப் பொண்ணுக்குப் பாட்டு கிளாஸ், அவளும் என் மடியில."

இருபத்து மூன்று ஞாயிறும் டேப்காரரின் நோட்டில் இருந்தது: நேரம், வண்டி, அடி, அங்குலம். திங்கள் முதல் சனி வரை அவர் அந்தச் சந்தில் இருந்ததில்லை. இல்லாத நாளுக்கு அவரிடம் எண்ணிக்கை இல்லை.

"அதை நான் எண்ணல," என்றார்.

"நூத்துக்கு மேல இருக்கும். நான் வேணா எண்ணிச் சொல்றேன்."

அவள் எழுந்தாள். அவள் இறங்க வேண்டிய இடம் அது இல்லை. படிக்கட்டில் நின்று திரும்பினாள்.

"ஞாயித்துக்கிழமை இனிமே ஒரு டம்ளர்தான்ணா வைப்பேன். அவருக்கு மட்டும்."

இறங்கி, பேருந்து வந்த வழியே திரும்பி நடந்தாள். நடத்துநர் விசில் கொடுத்தார். டேப்காரர் வழக்கப்படி படிக்கட்டுப் பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்தார். அது நல்ல கண்ணாடி. அளவு சரியான வளைவு. அதிலும் அவள் நடக்கிற வேகத்தைவிடச் சீக்கிரமாகச் சின்னவளாகிக்கொண்டே போனாள். டேப்புக்குப் பக்கத்தில் வந்தாள், அதன் பின்னால் நுழைந்தாள், தலை மட்டும் மேலே கொஞ்ச நேரம் தெரிந்தது.

இரண்டாவது விசில் வந்தது. வாசற்கம்பி தூக்கிய மாப்பிள்ளையின் இடது கையை நினைத்துப் பார்த்தார். இனிப்பு இன்னும் வாயில் இருந்தது, ஆனால் விழுங்க முடியவில்லை. கியரைப் போட்டு, அந்த டேப்புக்கு வெளியே சாலை காலியாக இருக்கிறதா என்று ஒன்றுக்கு மூன்று தடவை பார்த்துவிட்டு, பேருந்தை எடுத்தார்.